16 மாதக் குழந்தை: வளர்ச்சி வரைபடத்தில் பச்சைக் கட்டம்தான், ஆனால் நான்கு மாதமாக எடை ஏறவில்லை, கட்டியாகக் கொடுத்தால் ஓங்கரிக்கிறாள்

அங்கன்வாடி_டீச்சர் (கேள்வி)

வணக்கம். எங்கள் மையத்தில் பதிவான ஒரு பெண் குழந்தைக்காகக் கேட்கிறேன். வயது 16 மாதம். 9 மாதத்தில் எடை 7.4 கிலோ, 12 மாதத்தில் 7.9, 14 மாதத்தில் 8.0. இந்த மாதமும் அதே 8.0. மேல்கை நடுச் சுற்றளவு 13.1 செ.மீ., பாத வீக்கம் இல்லை. வரைபடத்தில் புள்ளி பச்சைக் கட்டத்துக்குள்தான் விழுகிறது. அதனால் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை.

நிறை மாதத்தில் 2.8 கிலோவுடன் பிறந்தவள். 14 மாதத்தில் நடந்துவிட்டாள். அம்மா பனியன் கம்பெனி வேலைக்குத் திரும்பியதும் 11 மாதத்தில் தாய்ப்பால் நின்றுவிட்டது. பகல் முழுக்கப் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது ஒரு நாள் உணவு: காலை 6, 10, மதியம் 3, இரவு படுக்கும்போது என நான்கு முறை பாட்டிலில் 200 மி.லி. பசும்பால். நடுவில் காலை இட்லி, மதியம் பருப்பு சாதம், இரவு கஞ்சி. எல்லாமே இன்றுவரை மிக்சியில் மையாக அரைத்துத்தான். ஒரு வேளை ஊட்ட ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது, செல்போன் இல்லாமல் வாய் திறப்பதில்லை. அரைக்காத சோறு ஒரு பருக்கை போனாலும் ஓங்கரிக்கிறாள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாந்தியில் போய் முடிகிறது. தோசை கொடுத்தால் கன்னத்தில் அடக்கிவைத்து அரை மணி கழித்துத் துப்புகிறாள். பிஸ்கட் மட்டும் ஊறவைத்துத் தின்பாள்.

பாட்டி தொக்கம் எடுக்க (உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) கூட்டிப்போக வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டில் பசி டானிக் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். இது அடமா, குறைபாடா? எங்கே அனுப்ப வேண்டும், வீட்டில் எதை மாற்றச் சொல்லலாம்?

குழந்தைநல_மருத்துவர்

டீச்சர், நான்கு எடையையும் வரிசையாகப் போட்டீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. வரைபடத்தில் கட்டத்தின் நிறம் ஒரு நாளின் நிலையைத்தான் காட்டும். கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 12 மாதத்தில் இவள் உலக சுகாதார நிறுவன வளைகோட்டில் மைனஸ் ஒன்று கோட்டின் மேல் (சராசரிக் கோட்டுக்கு ஒரு படி கீழே உள்ள கோடு) இருந்தாள். அதே கோட்டில் போயிருந்தால் இப்போது 8.7 இருக்க வேண்டும். நான்கு மாதத்தில் 800 கிராம் ஏற வேண்டிய இடத்தில் 100 கிராம்தான் ஏறியிருக்கிறது. மஞ்சள் கட்டம் 7.7-க்குக் கீழே தொடங்குகிறது, இன்னும் 300 கிராம்தான் இடைவெளி. ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வந்தால் போதும். மஞ்சளுக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கையில் எடுங்கள்.

அடம் என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். பாலைக் கணக்குப் பாருங்கள். 800 மி.லி. பசும்பால் என்றால் 500 கலோரிக்கு மேல். 8 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 650 முதல் 700 கலோரி தேவை. முக்கால் பங்கு தேவை பாட்டிலிலேயே முடிந்துவிடுகிறது, மீதிக்குத்தான் பசி. அந்தக் கொஞ்சப் பசியும் வர வேண்டிய நேரத்தில் 10 மணிப் பாலும் 3 மணிப் பாலும் வந்து நிற்கின்றன. பசிக்காத குழந்தைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஊட்டினால் அவள் கற்றுக்கொள்வது வாயை மூடுவதை மட்டும்தான்.

இன்னொரு சிக்கல் இரும்புச்சத்து. பசும்பாலில் இரும்பு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம், சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பால் தடுக்கும். இரத்தசோகை வந்தால் பசி மந்தமாகும். பசி மந்தமானால் வீட்டில் இன்னும் பாலைக் கொடுப்பார்கள். இந்தச் சுழல் 12 முதல் 24 மாதத்துக்குள் மிகவும் சகஜம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறாள் என்றும் கேளுங்கள், மலச்சிக்கல் தனியாகவே பசியைக் கெடுக்கும்.

அடுத்து, பாட்டியிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் புரை ஏறுகிறதா, ஓங்கரிக்கிறாளா, விக்கிக்கொள்கிறாளா? நம் வீடுகளில் மூன்றையும் "தொண்டையில மாட்டிக்குது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். மூன்றும் மூன்று இடத்துக் கோளாறு. ஓங்கரிப்பு நாக்கில் பிறப்பது, தெரியாத கட்டி பின்நாக்கைத் தொட்டதும் உடம்பு அதை முன்னே தள்ளுகிறது. அது காவல். புரை என்றால் உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாய் வாசலுக்குப் போய் இருமல் வருவது. விக்குவது உணவுக்குழாயில் வறண்ட உணவு நின்றுபோவது. தண்ணீருக்கும் பாலுக்கும் அடிக்கடி புரை ஏறினால், குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தால், திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி, நிமோனியா என்று வந்திருந்தால் இந்தத் திரியில் வரும் வீட்டுப் பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம். முதலில் மருத்துவமனை. பால் மூக்கு வழியாக வருவது, குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, பச்சை நிற வாந்தி, முன்பு சாப்பிட்டதைத் திடீரென்று விட்டுவிடுவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். கூடவே, வளர்ச்சியில் வேறு தாமதம் இருக்கிறதா என்று தெரிய, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்பதையும் குறித்து வையுங்கள்.

தொக்கம் வேண்டாம். குழந்தை விழுங்க மறுப்பதற்குக் காரணம் உள்ளே எதுவும் சிக்கியிருப்பதில்லை. வயிற்றை அழுத்துவது, வாய்க்குள் ஊதுவது, விரல் விடுவது எல்லாம் ஏற்கெனவே வாயைப் பற்றிய பயத்தோடு இருக்கும் குழந்தைக்குப் பயத்தை இரட்டிப்பாக்கும். காயமும் தொற்றும் தனி. மூக்கைப் பிடித்துச் சங்கிலோ பாலாடையிலோ ஊற்றும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூக்கு அடைபட்டால் குழந்தை வாயால்தான் மூச்சிழுக்கும், ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகும். விளக்கெண்ணெய் என்றால் இன்னும் மோசம். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் இருமல்கூட வராமல் போகலாம்.

கடையில் கிடைக்கும் பசி டானிக்குகள் பலவற்றில் இருப்பது சிப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கம் வரவைக்கும். இரண்டு வயதுக்குக் கீழே பாதுகாப்பு உறுதியாகாத மருந்து. வேண்டாம்.

விழுங்கல்_பயிற்சியாளர்

டாக்டர் சொன்ன பசிக்கணக்கு சரியானால் பாதி வேலை முடிந்தது. மறுபாதி மெல்லத் தெரியாதது. இவளுக்கு மெல்லும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஆறு மாதக் குழந்தைக்கு ஓங்கரிப்பு நாக்கின் நடுவிலேயே தூண்டப்படும். கையையும் பொம்மையையும் கட்டியான உணவையும் வாய்க்குள் விட்டுப் பழகப் பழக அந்த இடம் பின்னால் நகரும். கூடவே நாக்கு பக்கவாட்டில் அசைந்து உணவைக் கடைவாய்ப் பக்கம் தள்ளக் கற்றுக்கொள்ளும். இதெல்லாம் ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் சுலபமாக நடக்கிற பாடம். அந்தச் சமயத்தில் மையாக அரைத்ததையே கொடுத்தால் நாக்குக்கு முன்னும் பின்னும் நகர்வதுதான் தெரியும், பாலைச் சப்புவது போல. பருக்கை ஒன்று வந்தால் அதைக் கடைவாய்க்குத் தள்ளத் தெரியாது, அப்படியே பின்னால் போகும், ஓங்கரிப்பு வரும். தோசை கன்னத்தில் தங்குவதும் இதே காரணம்தான். நாக்கு அதை அங்கிருந்து எடுத்துவரத் தெரியாமல் நிற்கிறது. பிஸ்கட் ஏன் போகிறது? எச்சிலிலேயே கரைந்துவிடுவதால்.

இதற்கு எல்லா வீட்டிலும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மிக்சியில் அரைத்ததோடு கொஞ்சம் பருக்கையைக் கலந்துவிடுவார்கள், தெரியாமல் போய்விடும் என்று. நீர்த்த கஞ்சிக்குள் ஒளிந்திருக்கும் கட்டிதான் இந்தக் குழந்தைகளுக்கு எல்லாவற்றிலும் கடினம், நீரையும் திடத்தையும் வாயில் பிரித்துக் கையாள வேண்டியிருப்பதால். ரசம் சாதம் லேசான சாப்பாடு என்று நாம் நினைக்கிறோம். இவளுக்கு அது கடைசிப் படி. ஒளித்துக் கொடுத்து இரண்டு முறை வாந்தி வந்தால் பழகிய அரைத்த சாப்பாட்டையும் சந்தேகப்படத் தொடங்குவாள்.

ஆகவே ஸ்பூன் சாப்பாட்டையும் கையில் பிடித்துத் தின்னும் சாப்பாட்டையும் பிரித்து வையுங்கள். இரண்டும் தனித்தனியாக முன்னேறட்டும்.

ஸ்பூன் சாப்பாடு: முதலில் மாற வேண்டியது கெட்டித்தன்மை. அதே பருப்பு சாதம், அதே மிக்சி, தண்ணீர் மட்டும் குறைவு. ஸ்பூனைச் சாய்த்தால் வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும். நாலைந்து நாள் கழித்து மிக்சியைத் தொடர்ந்து ஓட்டாமல் இரண்டு சுற்று மட்டும் விட்டு விட்டு ஓட்டுங்கள். அடுத்து மிக்சியை விட்டுவிட்டுக் குழைய வேகவைத்த சாதத்தை மத்தால் கடையுங்கள். அதற்கடுத்துக் கரண்டியின் முதுகால் மசித்தால் போதும். கடைசியில் விரலால் பிசைந்தது. ஒவ்வொரு படியும் ஐந்து முதல் ஏழு நாள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதம் மாறும் வாரத்தில் சுவை மாறக் கூடாது, புதுக் காய் சேர்க்கும் வாரத்தில் பதம் மாறக் கூடாது. ஒரு படியில் ஓங்கரிப்பு கூடினால் முந்தைய படிக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வாருங்கள்.

கைச் சாப்பாடு: ஆவியில் வெந்த கேரட், பரங்கி, சர்க்கரைவள்ளி, உருளை, நீளவாக்கில் நறுக்கிய இட்லி, வாழைப்பழத் துண்டு. பெரியவர் சுண்டுவிரல் நீளம், அதைவிடக் கொஞ்சம் தடிமன். அவள் முஷ்டிக்குள் பிடித்தால் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், வாயில் போவது அந்த முனைதான். பதம் சரியா என்று பார்க்க உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்துங்கள். நசுங்கினால் கொடுக்கலாம். வழுக்கினால் வேகவில்லை.

இதே துண்டை வைத்து ஒரு சின்னப் பயிற்சி உண்டு. சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது, அதன் முனையை உதட்டின் ஓரமாக விட்டுக் கடைவாய் ஈறின் மேல் வையுங்கள். நடுநாக்கில் வைக்கக் கூடாது. தாடை தானாக இரண்டு மூன்று முறை மேலும் கீழும் அசையும், நாக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வரும். வலது பக்கம் மூன்று தடவை, இடது பக்கம் மூன்று தடவை. வேண்டாம் என்று முகம் திருப்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள். முதல் வாரம் விழுங்காமல் துப்பினாலும் பரவாயில்லை, மெல்லுகிறாளா என்பதுதான் கணக்கு. மாம்பழக் காலமென்றால் சதை வழித்த பெரிய மாங்கொட்டையைக் கையில் கொடுத்துக் கூடவே உட்காருங்கள். கடித்து உடைக்க முடியாத பெரிய பொருள் நாக்குக்கு நல்ல வாத்தியார்.

உட்காரும் விதம்: பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் குழந்தையைச் சாய்த்துப் போட்டு ஊட்டுவார்கள். தலை பின்னால் சாய்ந்தால் உணவு தானாகவே தொண்டைக்கு வழுக்கும், மெல்ல நேரமே இராது. நேராக உட்கார வையுங்கள். மரமணையோ பிளாஸ்டிக் குட்டி நாற்காலியோ போதும். பாதம் இரண்டும் எதிலாவது அழுந்தி இருக்க வேண்டும். எட்டவில்லையென்றால் பழைய செய்தித்தாளைக் கட்டாகக் கட்டிக் காலுக்கடியில் வையுங்கள். கால் தொங்கினால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் தாடை நிதானப்படாது. இதை மட்டும் மாற்றிய அன்றே ஓங்கரிப்பு குறைவதைப் பார்க்கலாம்.

ஸ்பூன் தட்டையாக, சின்னதாக இருக்கட்டும். பாதிதான் நிரப்ப வேண்டும். கீழுதட்டின் மேல் கிடைமட்டமாக வைத்து, மேலுதடு இறங்கி வந்து வழித்தெடுக்கும்வரை காத்திருங்கள். மேல் ஈறில் இழுத்துத் தேய்த்துவிட்டு எடுக்காதீர்கள். உதட்டுக்கு வேலை இல்லாமல் போகும்.

ஓங்கரிக்கும்போது பாட்டி பதறக் கூடாது. முதுகில் அடிப்பதும் உச்சந்தலையில் தட்டுவதும் விரலை உள்ளே விடுவதும் கூடாது. லேசாக முன்னால் சாய்த்து, முகம் மாறாமல், ஒரு கிண்ணத்தை நீட்டி "துப்புடா கண்ணு" என்று சொன்னால் போதும். துப்பலாம் என்று தெரிந்த குழந்தைதான் வாயில் போட்டுப் பார்க்கத் துணியும். சாப்பாடு முடிந்ததும் கன்னத்துக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்க வைக்க வேண்டும், இதில் ஒருநாளும் தவற வேண்டாம்.

அங்கன்வாடி_டீச்சர்

டாக்டருக்கும் மேடத்துக்கும் நன்றி. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் டம்ளரில் நன்றாகக் குடிக்கிறாள், புரை ஏறுவதில்லை. நிமோனியா வந்ததில்லை. ஓங்கரிப்பு கட்டிக்கு மட்டும். பெயர் சொன்னால் திரும்புகிறாள், காக்காவை விரல் நீட்டிக் காட்டுகிறாள். ஹீமோகுளோபின் 9.4. மலம் மூன்று நாளுக்கு ஒருமுறை, கெட்டியாக. மாதா மாதம் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் பாட்டில் வீட்டில் பிரிக்காமலேயே இருக்கிறது.

பாலைக் குறைத்தால் பிள்ளை பட்டினி கிடக்கும் என்று பாட்டி பயப்படுகிறார். அதை எப்படிச் சொல்வது, குறைக்கும் பாலுக்குப் பதில் என்ன?

குழந்தைநல_மருத்துவர்

9.4 என்றால் மிதமான இரத்தசோகை. அந்த வீட்டுப் பாட்டில் தடுப்புக்கானது, 1 மி.லி.யில் 20 மி.கி. இரும்பு, வாரம் இருமுறை. அது இப்போது போதாது. சிகிச்சை அளவு கிலோவுக்கு 3 மி.கி., இவளுக்கு நாளுக்கு 24 மி.கி. வரும், இரண்டு மாதம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்த்து எழுதட்டும், நீங்களாக அளவை ஏற்ற வேண்டாம். பாலோடு கொடுக்கக் கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி. ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் கூடவே போனால் நன்றாகச் சேரும். மலம் கருப்பாகும் என்று பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் மருந்தை நிறுத்திவிடுவார். பாட்டில் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும், இரும்பு சிரப்பை மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. மலச்சிக்கலுக்கும் அவரிடமே மருந்து கேளுங்கள், இரும்பு அதைக் கொஞ்சம் கூட்டும்.

சத்துணவு_ஆலோசகர்

பாட்டியின் பயம் நியாயமானது. ஒரே நாளில் நிறுத்தினால் நிஜமாகவே பட்டினிதான். இரண்டு வாரத்தில் 800-லிருந்து 400 மி.லி.க்கு இறக்குங்கள். முதலில் போக வேண்டியது 10 மணிப் பால், மதியச் சாப்பாட்டுப் பசியைத் தின்பது அதுதான். நான்கு நாள் 100 மி.லி. கொடுத்து, பிறகு நிறுத்தி, அந்த நேரத்தில் கைச் சாப்பாடு. அடுத்தது காலை 6 மணிப் பால், அதை உணவுக்குப் பின் 8 மணிக்கு டம்ளரில் மாற்றுங்கள். பிறகு 3 மணிப் பால் பாதியாகட்டும். இரவுப் பாட்டிலைக் கடைசியில் தொடுங்கள், அதில்தான் அழுகை அதிகம். பாலை எப்போதும் சாப்பாட்டுக்குப் பின்னால், டம்ளரில். தண்ணீர் கலந்து "குறைப்பது" வேண்டாம், வயிறு அதே அளவு நிறையும், சத்து மட்டும் போகும்.

இனி கஞ்சி. குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்குச் சுமார் 30 மி.லி. கொள்ளும். 8 கிலோவுக்கு 240 மி.லி., அவ்வளவுதான் இடம். வழக்கமாக வீட்டில் இரண்டு டீஸ்பூன் சத்துமாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவார்கள். 10 கிராம் மாவு, 200 மி.லி. தண்ணீர், மொத்தம் 40 கலோரிகூட இல்லை. வயிறு நிறைந்துவிடும், எடை ஏறாது. அதே 200 மி.லி.க்கு 30 கிராம் மாவும் ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால் 150 கலோரிக்கு மேல் வரும். வெல்லமும் சர்க்கரையும் இரண்டு வயதுவரை வேண்டாம், மசித்த வாழைப்பழமோ ஊறிய பேரீச்சையோ போதும்.

30 கிராம் போட்டால் களி போல இறுகிவிடும் என்பீர்கள். அதற்கு முளைமாவு. கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வறுக்காமல் அரைத்து வையுங்கள். கெட்டிக் கஞ்சி கொதி இறங்கி, சூடு இருக்கும்போதே இதில் அரை டீஸ்பூன் போட்டுக் கிளறினால் ஐந்து பத்து நிமிடத்தில் கண்ணெதிரே இளகும். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் இருப்பதால். வறுத்தால் அது செத்துவிடும், கொதிக்கும்போது போட்டாலும் வேலை செய்யாது. இளகியதும் மறுபடி ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள், முளைமாவில் கிருமி இருக்கலாம்.

நேரம்: காலை 7.30 உணவு, 10.30 கைச் சாப்பாடு, 1 மணிக்கு மதிய உணவு, 4 மணிக்கு முட்டையோ பழமோ, 7 மணிக்கு இரவு உணவு. நடுவில் தண்ணீர் மட்டும். பிஸ்கட்டும் இல்லை. முதல் வாரம் தட்டில் நான்கு டேபிள்ஸ்பூன் மட்டும் வையுங்கள், நிறைந்த தட்டைப் பார்த்தாலே முகம் திருப்பும் குழந்தை இது. வெந்த முட்டையின் மஞ்சள் கரு, வாரம் ஒருமுறை மசித்த ஈரல், கீரை போட்ட பருப்பு, கூடவே கொய்யாச் சதை (விதை நீக்கி) அல்லது தக்காளி. ஒரு புதுக் காயைப் பத்துப் பதினைந்து முறையாவது தட்டில் வைத்துப் பார்க்காமல் பிடிக்காது என்று முடிவுகட்ட வேண்டாம்.

விழுங்கல்_பயிற்சியாளர்

ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். முளைமாவுக் கஞ்சி சத்துக்கு நல்லது. ஆனால் அது டம்ளரில் குடிக்க மட்டும் இருக்கட்டும், அதுவும் ஒரே வேளை. இளகிய கஞ்சி ஸ்பூனில் வந்தால் மறுபடி சப்புவதற்கே போய்விடுவாள். ஸ்பூனில் வருவது கெட்டியாகவே இருக்கட்டும், சத்துக்கு அதில் நெய்யைக் கூட்டிக்கொள்ளலாம்.

கிராம_செவிலியர்

கைச் சாப்பாடு தொடங்கும் முன் பாட்டிக்கும் அம்மாவுக்கும் இதைச் செய்துகாட்டுங்கள் டீச்சர். ஓங்கரிப்பில் சத்தம் வரும், முகம் சிவக்கும், அதைத் தொடாதீர்கள். சத்தமே இல்லாமல், இருமவும் அழவும் முடியாமல் உதடு நீலமானால் அடைப்பு. குழந்தையைத் தொடை மேல் குப்புறப் போட்டுத் தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து அடி. வரவில்லையென்றால் பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேல் முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தக் கூடாது, மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரல் விட்டால் இன்னும் உள்ளே போய்விடும்.

நிலக்கடலை, பொரிகடலை, பட்டாணி, தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட், முழுத் திராட்சை, சீத்தாப்பழ விதை, சப்போட்டா விதை எதுவும் கைக்கெட்டக் கூடாது. கடலை தின்னும்போது ஒரு முறை பலமாக இருமிவிட்டு அமைதியாகிவிட்டால் சரியாயிற்று என்று விடாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கும், சில நாள் கழித்து ஒரு பக்கம் மட்டும் இளைப்போ ஆறாத சளியோ வரும்.

அங்கன்வாடி_டீச்சர்

மிகவும் உதவியாக இருக்கிறது. இன்னும் இரண்டு மட்டும். போனை எப்படி விடுவிப்பது? எத்தனை நாளில் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்?

விழுங்கல்_பயிற்சியாளர்

போன் பார்க்கும்போது வாய் தானாகத் திறக்கிறது, ஆனால் என்ன உள்ளே வந்தது என்று தெரியாமல் விழுங்குகிறாள். மெல்லப் பழகும் குழந்தைக்கு அது நேர் எதிரி. ஐந்து வேளையையும் ஒரே நாளில் மாற்றினால் பாட்டி மூன்றாம் நாளே தோற்றுவிடுவார். 10.30 கைச் சாப்பாட்டில் தொடங்குங்கள், அது புது வேளை, போன் பழக்கம் அதில் இல்லை. ஒரு வாரம் கழித்துக் காலை உணவு. மற்ற வேளைகளில் படம் தெரியாமல் பாட்டு மட்டும், அப்புறம் பாட்டியே பாடட்டும். போன் இருந்த இடத்தில் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து அதே இட்லியைத் தின்ன வேண்டும், வாயைத் திறந்து மெல்வது தெரியும்படி. குழந்தை பார்த்துத்தான் தாடையை அசைக்கும்.

ஒரு வேளைக்கு 25 நிமிடம். பிறகு தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல், கெஞ்சாமல். என்ன, எப்போது, எங்கே என்பது பாட்டி கையில். எவ்வளவு என்பது அவள் வயிற்றின் கையில். முதல் மூன்று முதல் ஏழு நாள் சாப்பாடு குறையும். அந்த நாட்களில் சிறுநீரைக் கவனியுங்கள், எட்டு மணி நேரம் போகாமல் இருந்தாலோ சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனை.

எடையை வாரா வாரம் பார்க்க வேண்டாம், பாட்டி கலங்கிவிடுவார். 15 நாளுக்கு ஒருமுறை, அதே தராசு, காலை உணவுக்கு முன், ஜட்டி மட்டும். மலம் மூன்று நாள் தங்கியிருந்தாலே 100 கிராம் கூடக் காட்டும், ஆகவே மலம் போன நாளாகப் பாருங்கள். ஒரு மாதத்தில் 200 கிராம் ஏறினால் வழி சரி. நான்கு வாரத்தில் எடை அசையவில்லை என்றாலோ, ஆறு வாரத்தில் மத்தால் கடைந்த பதத்தைக்கூட ஏற்கவில்லை என்றாலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி. மையத்துக்கு (குழந்தை வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை மையம்) அனுப்புங்கள், ஆர்.பி.எஸ்.கே. குழு (அரசின் குழந்தைநலப் பரிசோதனைக் குழு) உங்கள் மையத்துக்கு வரும்போது அவர்களே பரிந்துரைச் சீட்டு தருவார்கள். போகும்போது எடைக் குறிப்பையும், ஒரு வேளை ஊட்டுவதை முகமும் தோளும் தெரியும்படி பத்து நிமிடம் எடுத்த வீடியோவையும் கொடுத்தனுப்புங்கள். புது இடத்தில் குழந்தை வாயே திறக்காது, அந்த வீடியோதான் அங்கே பேசும்.